அருவிக் கணக்கு – அத்தியாயம் 9

“சீசன் முடிஞ்சா என்னைய எங்கன எழுதுவே, ஜெயா?”

போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு நாள், அண்ணன் பொண்டாட்டி இசக்கிசெல்வி மதினி இப்படிக் கேட்டாள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் காப்பகத்தின் சாவியை வாங்க ஆபீசுக்கு வந்திருந்தாள். முந்தானையில் சாரல் ஈரம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஜெயபிரியா அப்போதுதான் மதினியின் பெயருக்கு நேராக ‘அருவி’ என்று தட்டியிருந்தாள்.

“முடிஞ்சா மாத்திக்கிடலாம், மதினி.”

“மறந்துராத.”

“நான் மறப்பேனா?”

மறந்துவிட்டாள்.

தென்காசியில் இருக்கும் அந்த டிரஸ்டில் ஜெயபிரியாதான் கணக்கு எழுதுகிறவள். டிரஸ்ட் இரண்டு காரியங்கள் செய்கிறது. தென்காசியில் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். சீசன் மாதங்களில் மட்டும் ஐந்தருவியில் ஒரு பிள்ளைக் காப்பகம். அருவிக்கரையில் கடை போடும் பெண்களின் குழந்தைகளை அங்கே பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டுக்கும் பணம் கொடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த பணத்தில் காப்பகத்துக்கு ஒரு பால் பாக்கெட் கூட வாங்கக் கூடாது. காப்பகத்துக்கு வந்த பணத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சாக்பீஸ் வாங்கக் கூடாது. இது போக பொது நிதி என்று ஒன்று உண்டு. ஊர்க் கடைக்காரர்கள் கொடுப்பது அதில் சேரும். வாடகையும் கரண்டு பில்லும் கட்டினால் அது தீர்ந்துவிடும்.

முன்பெல்லாம் சம்பளப் பட்டியல் தனி, பேரேடு தனி. பட்டியலைப் பார்த்து மறுபடியும் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஒரே வேலையை இரண்டு தடவை செய்து கண் பூத்துப்போய், இரண்டையும் கம்ப்யூட்டரில் இணைத்துவிடலாம் என்று சொன்னது ஜெயபிரியாதான். ஒவ்வொரு பெயருக்கும் எந்த நிதி என்று ஒரு முறை குறித்துவிட்டால் போதும். சம்பளம் போட்டதுமே அது அந்தந்த நிதிக்குத் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். செயலாளர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி அன்றைக்கு ஆபீசில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

இணைத்தது சீசன் மாதம். மதினி அப்போது அருவியில் இருந்தாள். அதனால் அருவி நிதி.

சீசன் முடிந்து காப்பகத்தைப் பூட்டியதும் மதினி வழக்கம்போலத் தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். பெயர் மட்டும் அருவியிலேயே நின்றுவிட்டது. மாதா மாதம் சம்பளம் சரியாக வந்தது. சரியாக வருகிற ஒன்றை யார் திறந்து பார்க்கிறார்கள்?

போன வாரம் சென்னையிலிருந்து போன் வந்தது. காப்பகத்துக்குப் பணம் கொடுக்கும் அமைப்பிலிருந்து பேசினார்கள். அருவியில் தண்ணீரே இல்லாத மாதங்களில் காப்பகத்தில் யார் வேலை பார்த்தது, எதற்குச் சம்பளம் என்று கேட்டார்கள். அதை நேரில் பார்க்க நாளைக்கு ஓர் அதிகாரி வருகிறார்.

இதில் எதுவும் மதினிக்குத் தெரியாது.

* * *

மேலகரத்து வீட்டில் அன்று காலை, மதினி அடுப்படியில் நின்று தூக்குவாளியில் புளிசாதத்தை அமுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் பாண்டித்துரை வெளிச்சம் வருமுன்பே கிளம்பிவிட்டான். ஐந்தருவிப் பாதையில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறான்.

“என்னட்டி, தோசையவே பாத்துக்கிட்டு இருக்கே? அது ஒன்னையப் பாக்குதா?”

“பசிக்கல, மதினி.”

“பசிக்கலன்னா ஆபீஸ்ல ஏதோ நடந்திருக்கு. யாரு ஏசினா? அண்ணாச்சியா?”

“யாரும் ஏசல.”

“ஏசினா சொல்லு. அவரு குடைய எடுத்து ஒளிச்சு வச்சிருதேன். கையில குடை இல்லன்னா அந்த மனுசனுக்குப் பேச்சே வராது.”

ஜெயபிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தோசையை ஒரு விள்ளல் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள்.

அம்மா இறந்தபோது ஜெயபிரியா ஆறாம் வகுப்பு. அதே வருடம்தான் மதினி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தாள். புதுப்பெண் தாலியில் மஞ்சள் காய்வதற்குள் நாத்தனாருக்குத் தலைபின்னி ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு டிரஸ்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்ததே, இவளைக் காலேஜில் சேர்ப்பதற்காகத்தான். அண்ணனுக்குச் சீசன் தவிர மற்ற மாதங்களில் வருமானம் நிச்சயமில்லை.

ஆனால் போகப்போக மதினிக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமிருந்து கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு வீட்டிலும் அதையே பேசினாள். சாதம் வேண்டுமா, போதுமா, விளக்கை அணை என்று எல்லாம் கையால். ஒவ்வொரு மனிதருக்கும் அந்தப் பிள்ளைகள் ஓர் அடையாளம் வைப்பார்கள். மதினிக்கு வைத்தது மூக்குத்தி. மூக்கின் இடது பக்கத்தை விரலால் தொட்டால் அது இசக்கி அக்கா.

வீட்டில் சண்டை வந்தால் மதினி வாயால் பேச மாட்டாள். கையால் மட்டும் ‘சாப்பிட வா’ என்பாள். அவள் கை பேசிவிட்டால் கோபம் பாதி தணிந்தது என்று அர்த்தம். அண்ணனுக்கும் இது தெரியும்.

“மதினி, ஒரு விசயம்...”

“சாயங்காலம் சொல்லு. பஸ் போயிரும்.”

“இல்ல, நாளைக்கு ஆபீசுக்கு...”

“பொண்ணு பாக்க வாராவளா?” மதினி செருப்பை மாட்டிக்கொண்டே கண்ணைச் சிமிட்டினாள். “அப்படின்னா இப்பமே சொல்லு, நான் லீவு போடுதேன்.”

“போங்க மதினி!”

மதினி சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட நடந்திருக்கலாம். நடந்துகொண்டே சொல்லியிருக்கலாம். ஜெயபிரியா தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் நடையிலேயே நின்றாள். மதினியின் தலை தெருமுனையில் மறையும் வரை, கூப்பிட்டுவிடுவோம், கூப்பிட்டுவிடுவோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள்.

* * *

ஆபீசில் மந்திரமூர்த்தி அண்ணாச்சி அவளுக்கு முன்பே வந்து, குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜையில் கொஞ்சம் தாள்கள்.

“வா பிள்ள, இரி.”

ஜெயபிரியா உட்காரவில்லை.

“ராத்திரி பூரா யோசிச்சேன். ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, அந்த மாசங்களோட சம்பளத்த அருவி ஃபண்டுல இருந்து எடுத்து வேற ஃபண்டுல வைக்கணும். பள்ளிக்கூட ஃபண்டுல வைக்க முடியுமா?”

“முடியாது அண்ணாச்சி. அதுல டிப்ளமா படிச்ச டீச்சருக்கு மட்டுந்தான் சம்பளம் போடலாம். மதினி பத்தாங்கிளாசு.”

“அப்போ பொது நிதி. பொது நிதில என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஆமா. முன்னெல்லாம் கடைக்காரங்க குடுக்கிறதுல ஒன் மதினி சம்பளத்த ஒப்பேத்துனோம், இப்பம் அதுவும் கொறஞ்சுபோச்சு. வச்சா மைனஸ்ல போவும். அதுக்கப்புறம் சீசன் போக மத்த மாசம் ஒன் மதினிக்கு நான் எங்கன இருந்து சம்பளம் போட? வீட்டுக்குப் போம்மான்னுதான் சொல்லணும்.” அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “இன்னொரு வழி லேசு. இந்தா, டைம்ஷீட்டு. வருசம் பூராவும் காப்பகத்து வேலைதான் பாத்தான்னு மாசத்துக்கு ஒண்ணா எழுதி வச்சிருக்கேன். பிள்ளைய வீடு வீடாப் போயிக் கணக்கெடுத்தா, பாய் துவைச்சா, சுவருக்கு வெள்ளையடிச்சான்னு. ஒரு கையெழுத்து. அம்புட்டுதான்.”

ஜெயபிரியா தாளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மேலே ‘ஐந்தருவி’ என்று அண்ணாச்சியின் குண்டு எழுத்து.

“அது பொய்லா அண்ணாச்சி?”

“பொய்தான். நான் இல்லன்னு சொன்னேனா? எனக்கு மட்டும் ஆசையா? அவுங்க குடுத்த காசத் திருப்பிக் கேட்டா நாளைக்குக் காப்பகத்தப் பூட்டணும். அருவிக்கரையில எண்ணெச் சட்டி கொதிக்கும், பக்கத்துல தவந்து போற பிள்ள. அத யாரு பாக்க?” அவர் குரல் இறங்கியது. “ஒன் மதினி ஒன் பேச்சத் தட்ட மாட்டா. நீ சொன்னா போதும்.”



வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் பெரியவர்கள் முன்னால் அவளுக்கு எப்போதுமே வார்த்தை தொண்டை வரைக்கும்தான் வரும். அங்கேயே நின்றுவிடும். தரையில் கிடந்த குண்டூசி ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, நீ உன் வேலையப் பாரு” என்று அண்ணாச்சி எழுந்தார். தாள்களை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவருடைய ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. வங்கிக்குப் போகிறார் என்று ஜெயபிரியா நினைத்தாள்.

* * *

“அக்கா, இந்தச் சின்னப் பயலப் பாருங்களேன்.”

பள்ளிக்கூடத்து டீச்சர் ஷஹானா ஒரு பையனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றாள். கடையநல்லூர்க்காரி. கணவர் வெளிநாட்டில், தம்மாமில் வேலை பார்க்கிறார்.

பையன் தன் மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டான். பிறகு இரண்டு கைகளையும் விரித்தான். இசக்கி அக்கா எங்கே?

“காலையில இருந்து இதேதான் கேக்கான். அருவிக்குப் போயிருக்காவ, மழை முடிஞ்சா வந்துருவாவன்னு சொன்னா, வெளிய போயி வானத்தப் பாக்கான். என் மாப்பிள்ள வாரதுக்குக்கூட நான் இப்படி வானத்தப் பாத்ததில்ல.”

ஜெயபிரியா பையனைப் பார்த்து, வருவாள் என்று கையால் சொன்னாள். அவன் நம்பிக்கொண்டு போய்விட்டான்.

அவன் நம்பியதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மதினி இங்கே இருந்தாள். அத்தனை மாதங்களும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். இந்தப் பையனுக்குப் பொத்தான் போடச் சொல்லிக் கொடுத்தது அவள். அருவியில் வெள்ளையடித்தாள் என்று எழுதி, அதன் கீழே அவளையே கையெழுத்துப் போடச் சொல்வதா? அதைக் கேட்பதற்குத் தனக்கு வாய் வராது. கேட்டால் மதினி மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுப்பாள் என்பதாலேயே கேட்கக் கூடாது.

தப்பு என்னுடையது, நானே திருத்துகிறேன் என்று முடிவு செய்தாள். சாயங்காலம் மதினியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டரில் சம்பளப் பட்டியலைத் திறந்தாள். இரண்டு படி வேலை. முதலில், போன சீசன் முடிந்த நாளிலிருந்து மதினியின் பெயரைப் பொது நிதிக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு, இந்தச் சீசன் மாதங்களை மட்டும் அருவிக்குத் திருப்ப வேண்டும்.

முதல் படியை முடித்துச் சேமித்தாள். பேரேட்டில் அத்தனை மாதங்களும் வரிசையாக இடம் மாறின. பொது நிதி மைனசுக்குப் போய்ச் சிவப்பாக நின்றது. எதிர்பார்த்ததுதான். சிவப்பாக இருந்தாலும் உண்மை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது கரண்டு போய்விட்டது.

சீசன் நேரத்தில் காற்றுக்கு மரம் சாய்ந்தால் தென்காசியில் இது வழக்கம். வரட்டும் என்று காத்திருந்தாள். ஆடிட்டர் சொன்னபடி தானே கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த ஒரு விதி அவள் நினைவுக்கு வரவில்லை. மைனசில் இருக்கும் நிதியில் யாருடைய சம்பளமாவது நின்றால், அந்தச் சம்பளம் உடனே நிறுத்தி வைக்கப்படும். நிறுத்தியதை அந்த ஆளுக்கே கம்ப்யூட்டர் போனில் செய்தியாக அனுப்பிவிடும். அவள் சேமித்த அந்த நொடியிலேயே அது போய்விட்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்தபோது மதினியிடம் போன் கிடையாது. கொடுத்தது அண்ணனுடைய நம்பர்.

கரண்டு வரவில்லை. அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது.

“ஏட்டி ஜெயா, என்ன மெசேஜு இது?”

* * *

ஐந்தருவி பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஈரத் துண்டும் எண்ணெய் வாடையும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலமுமாகக் கூட்டம். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். தண்ணீர் நன்றாக விழுகிறதாம். ஜெயபிரியா கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கினாள். அடுக்கியது ஒவ்வொரு வளைவிலும் கலைந்தது.

அண்ணன் ரம்புட்டான் குவியலுக்குப் பின்னால் கோணித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

“வாங்க, கணக்கு மேடம்.”

“அண்ணே, அது வந்து...”

“எனக்கு இங்கிலீசு தெரியாது. மங்குஸ்தான் வாங்க வந்த ஒரு மலையாளத்துக்காரர்ட்ட காட்டி வாசிக்கச் சொன்னேன். சம்பளம் நிப்பாட்டியாச்சு, ஃபண்டு இல்லன்னாரு. அந்த மனுசன் பாவப்பட்டு பேரமே பேசாம வாங்கிட்டுப் போறாரு. எனக்கு எப்படி இருக்கும்?”

“இந்த மாசம் வரும்ணே. அடுத்த மாசமும் வரும். நான் பாதியில நிக்கும்போதே மெசேஜு போயிட்டு.”

“செப்டம்பர்?”

ஜெயபிரியா ரம்புட்டான் ஒன்றை எடுத்துக் குவியலிலேயே திருப்பி வைத்தாள்.

“கேக்கேம்லா. செப்டம்பர்?”

ஒரு குடும்பம் வந்து ரம்புட்டான் என்ன விலை என்று கேட்டது. அண்ணன் பதில் சொல்லாமல் தங்கச்சியையே பார்த்தான். அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

“மதினிட்ட சொல்லிட்டியாண்ணே?”

“சொல்லாம? அவ சம்பளம்லா.” கோணித் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தான். “யாரு சம்பளத்துல யாரு படிச்சாவன்னு... வேண்டாம். அத நான் சொன்னா அவ என்னைத்தான் ஏசுவா.”

ஜெயபிரியா தலைகுனிந்து நின்றாள்.

“அதுலயும் பாரு, காலையில அண்ணாச்சி ஸ்கூட்டர்ல நனஞ்சுகிட்டே வந்து அவகிட்ட கையெழுத்து வேற வாங்கிட்டுப் போறாரு. கையெழுத்தையும் வாங்கிட்டு சம்பளத்தையும் நிப்பாட்டுனா, இது என்னட்டி நியாயம்?”

“கையெழுத்தா?”

“ஆமா. ஒரு கவர் நிறைய. நான்தான் பேனா குடுத்தேன்.”

அருவிச் சத்தம் திடீரென்று தூரத்துக்குப் போனது போலிருந்தது.

அண்ணாச்சி வங்கிக்குப் போகவில்லை. தான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறார். நாளைக்கு வரும் அதிகாரி முன்னால் இரண்டும் இருக்கும். மதினி தென்காசியில் இருந்தாள் என்று பேரேடு சொல்லும். ஐந்தருவியில் இருந்தேன் என்று மதினியே கையெழுத்துப் போட்டிருப்பாள். பேரேட்டைத் திருத்தியவள் நல்லவள் ஆகிவிடுவாள். பொய்யில் கையெழுத்துப் போட்டவள்?

போனை எடுத்து அண்ணாச்சியின் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். இந்த முறை சிக்னலே இல்லை.

* * *

காப்பகம் கடைகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. பிள்ளைகளில் பாதிப் பேரை அம்மாக்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாங்காய் விற்கும் பிச்சம்மாள் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதிரே வந்த ஜெயபிரியாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒங்க மதினிக்கு இன்னைக்கு என்ன? பிள்ளைக்குப் பாட்டே படிக்கல.”

மூலையில் இன்னொரு ஆயா உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மதினி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜெயபிரியாவைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசிப் பாயையும் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“சாப்பிட்டியா?”

ஜெயபிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “மதினி, தப்பு என்னோடதுதான். சீசன் முடிஞ்சதும் ஒங்க பேர மாத்தாம விட்டுட்டேன். சென்னையில கண்டுபிடிச்சுட்டாவ. அத இன்னைக்குத்தான் சரி பண்ணினேன்.”

“சரி பண்ணினியா?”

“ஆமா.”

“சரி பண்ணினா எனக்கு வேலை கிடையாதா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. புரியாத ஒன்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள். அதற்கு ஜெயபிரியாவிடம் அடுக்கி வைத்த பதில் இருந்தது. பள்ளிக்கூட நிதி, டிப்ளமா, பொது நிதி, மைனஸ். எல்லாம் சரியான பதில்கள்தான். மதினியின் முகத்தைப் பார்த்து அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

“சீசனுக்கு உண்டு மதினி.”

“ம்.”

தகரத்தில் சாரல் தட்டியது. தொட்டிலில் ஒரு கைக்குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. மதினி குனிந்து அதன் நெஞ்சில் கை வைத்தாள். சிணுங்கல் நின்றது.

“காலையில அண்ணாச்சி வந்தாரு. தாள நீட்டுனாரு. ஜெயா சொன்னாளான்னு கேட்டேன். அவளுக்குத் தெரியும்னாரு. அதுக்கு மேல நான் ஒண்ணும் வாசிக்கல.”

“நான் வாங்கச் சொல்லல மதினி. சத்தியமா.”

“வேண்டாம்னு சொன்னியா?”

ஜெயபிரியா வாயைத் திறந்தாள். குண்டூசி கிடந்த தரை நினைவுக்கு வந்தது. 

மதினி காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். ஏதாவது ஒரு வார்த்தை, பொய்யாகவாவது, இவள் சொல்லிவிட மாட்டாளா என்பது போல நின்றாள்.

“காலையிலகூட சொல்ல வந்தேன், மதினி. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நீங்கதான்...”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

மதினி ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய தூக்குவாளியை எடுத்தாள். அது கனமாக ஆடியது. காலையில் அமுக்கிய புளிசாதம் அப்படியே இருந்தது. காப்பகத்துச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்த்து, ஜெயபிரியாவின் கையில் கொடுக்காமல், ஜன்னல் திட்டில் வைத்தாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கி மூலையில் இருந்த ஆயாவின் மடியில் கிடத்தினாள். செருப்பை மாட்டினாள்.

ஜெயபிரியா அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சாப்பிட வா’ என்று வேண்டாம். ‘போ’ என்றாவது அந்தக் கை சொல்லும் என்று பார்த்தாள். ஒரு கை தூக்குவாளியைப் பிடித்திருந்தது. மற்றொரு கை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது.

மதினி சாரலில் இறங்கினாள். அண்ணன் கடைப்பக்கம் திரும்பவில்லை. நேராகப் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.

ஜெயபிரியா வாசல் வரைக்கும் ஓடினாள். மதினி என்று கூப்பிட நினைத்தாள். தொண்டை வரைக்கும் வந்த சொல் அங்கேயே நின்றது. கையைத் தூக்கி மூக்கின் இடது பக்கத்தைத் தொட்டாள். இன்னொரு முறை தொட்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஒருத்தி மூக்கைத் தொட்டுக் கூப்பிடுவது யாருக்குத் தெரியும்? மதினி திரும்பாமலே பஸ்ஸில் ஏறினாள்.